குன்னத்தில் டைனோசர் முட்டையா?

முட்டை! முட்டை! டைனோசர் முட்டை!

2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பெரம்பலூர் மாவட்டம் முழுவதும் இதே பேச்சு. குன்னம் பகுதியில், ஒரு குளத்தில், மண்ணுக்குள் இருந்து உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. யாரோ படம் பிடித்தார். "டைனோசர் முட்டை" என்று எழுதிக் கைப்பேசியில் அனுப்பினார். அவ்வளவுதான்! படம் ஊர் ஊராகப் பறந்தது.

அனுப்பியவர் கல்லைத் தட்டிப் பார்த்தாரா? இல்லை. பெற்றவர் கேட்டாரா? அவரும் இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பி வைத்தார்!

பிறகு விவரம் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். "இவை முட்டை அல்ல, அம்மோனைட் படிவங்கள்" என்றார்கள்.

கடல் இருந்த இடம்

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான கடல் பிராணி. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு உடையது. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இந்த இனத்தின் கல்லே. செத்த பிராணியின் ஓடு கடல் சேற்றில் புதையும். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற சத்துகள் படிந்து இறுகும். நாளடைவில் உருண்டைக் கல் ஆகும்.

பெரம்பலூரில் கடலா என்று கேட்கலாம். ஆம்! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடல் இருந்தது. டைனோசரோ தரையில் முட்டையிடும் பிராணி. கடலடிச் சேற்றில் அது எப்படி முட்டையிடும்? முட்டை என்றால் ஓடு வேண்டும். அந்த ஓட்டில் காற்றுப் போகும் நுண்துளைகள் வேண்டும். பூதக்கண்ணாடி வைத்தால் விஷயம் வெளுத்துவிடும்.

நிபுணரும் தவறலாம்

படித்தவர் சொன்னால் வேதவாக்கா? அதுவும் இல்லை. பக்கத்து அரியலூர் மாவட்டத்திலேயே ஒரு கதை உண்டு.

கல்லமேட்டில் ராட்சத எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம்! யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியல் அறிஞர்கள் 1987-ல் அதைப் பற்றி எழுதினார்கள். "பிருகத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். மாமிசம் தின்னும் இனம் என்று கணித்தார்கள்.

மற்ற அறிஞர்கள் சும்மா விடவில்லை. "இது தழை தின்னும் இனம்" என்றார்கள் சிலர். "எலும்பே அல்ல, கல்லான மரம்" என்று சந்தேகப்பட்டார்கள் சிலர். பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே! சந்தேகம் வராதா?

எலும்பைக் காட்டித் தீர்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. நொறுங்கிப் போயிற்று.

ஆனால் அளவுகளும் வரைபடங்களும் அச்சில் இருந்தன. அதனால்தான் மற்றவர்கள் தவறைச் சுட்ட முடிந்தது. கைப்பேசிப் படத்தில் எதைச் சுட்டுவது? எழுதியவர் பெயர்கூட அதில் இல்லை.

2022-ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்புதான், தழை தின்னும் பிராணிதான் என்ற கருத்துக்கு அவை வலுச் சேர்த்தன. எவ்வளவு பெரியது என்ற வாதம் மட்டும் இன்னும் நடக்கிறது.