இற்றைப்படுத்தலும் மீட்பும்

நுழையும்முன்

கணினியும் திறன்பேசியும் அவ்வப்போது தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. பெரும்பாலும் நாம் அறியாமலே நடந்து முடியும் அப்பணி, சிலவேளை பிழையாகிக் கருவியையே முடக்கிவிடுகிறது. அவ்வாறு நேர்வது ஏன், நேர்ந்தபின் மீள்வது எங்ஙனம் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

கடைசி நாளில் நின்ற கணினி

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அவ்வூரின் அடையாளங்கள். மலைச் சிற்றூர்களில் வாழ்வோர் சான்றிதழ், உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் என இணையவழிப் பணிகளுக்காக இறங்கி வரும் கடைத்தெருக்களுள் அவ்வூர்க் கடைத்தெருவும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலைப்பொழுதில் அங்கிருந்த கணினி மையம் ஒன்றில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றனர். மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பதிவேற்ற அன்றே கடைசி நாள். முதல் பேருந்தில் மலையிலிருந்து இறங்கியிருந்தனர். கணினித் திரையிலோ, புதுப்பிப்பு நடைபெறுவதாகவும் கணினியை அணைக்கக் கூடாதெனவும் ஓர் அறிவிப்பு. விழுக்காடு முப்பதைத் தொட்டு அங்கேயே நின்றது. அரைமணி நேரம் பொறுத்த பணியாளர், பின்னர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிட்டார். மீண்டும் இயக்கியபோது அது பாதி எழுந்தது, தானே அணைந்தது, மறுபடியும் எழுந்து மறுபடியும் அணைந்தது. மாணவியின் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் முந்தைய வாரமே ஸ்கேன் செய்யப்பட்டு அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தன.

“தம்பி, எம்பொண்ணு பேரு போயிடுமா?” என்று அத்தாய் கேட்டார். பணியாளரிடம் விடையில்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையில் நின்று இரண்டையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை நாம் அன்றாடம் காண்பவை. கோடிக்கணக்கான வரிகளால் ஆன இந்நிரல்களில் பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளைத் திருத்தவும், திருடர் நுழையும் ஓட்டைகளை அடைக்கவும் நிறுவனங்கள் அனுப்பும் திருத்தப் பொதியே ‘அப்டேட்’ என்று நாம் வழங்கும் இற்றைப்படுத்தல். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை இதற்கெனவே ஒதுக்கியுள்ளது. அமெரிக்கச் செவ்வாய், நம் நாட்டில் இரவாகிவிடும். எனவே நம் கணினிகளில் புதன் காலையில் அதன் விளைவு தெரியும்.

குடியிருந்துகொண்டே வீட்டின் தூணை மாற்றுவது போன்றது இவ்வேலை. பழைய கோப்புகள் நீக்கப்பட்டுப் புதியவை வைக்கப்படும் இடைவேளையில் மின்சாரம் நின்றால், பழையதும் முழுமையாக இராது. புதியதும் முழுமையாக இராது. கச்சிராயபாளையத்துக் கணினிக்கு நேர்ந்தது இதுவே. ஆனால், மின்தடையும் இல்லாமல் எவர் தவறும் இல்லாமல், அனுப்பப்பட்ட பொதியே பழுதாக இருந்தால்?

எழுபத்தெட்டு நிமிடங்கள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறு கோப்பினைத் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. அது விண்டோஸின் இற்றைப்படுத்தல் அன்று. அதன் மேல் இயங்கும் காவல் மென்பொருளுக்கு உரியது. ஆயினும் அக்காவல் மென்பொருள், இயங்குதளத்தின் நடுவுள் இருக்கும் ‘கெர்னல்’ பகுதியிலேயே வேலை செய்வது. வாசலில் நிற்கும் காவலர் தடுக்கி விழுந்தால் வீட்டுக்கு ஒன்றுமில்லை. நடுத்தூணைப் பிடித்துக்கொண்டிருப்பவர் விழுந்தால் வீடே சாயும்.

பிழை என்னவோ மிகச் சிறியது. புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரலோ 20 மட்டுமே தந்தது. இருபது வீடுகளே உள்ள தெருவில் இருபத்தோராம் வீட்டைத் தேடிச் சென்றதுபோல், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியை அது படிக்க முயன்றது. கெர்னலில் அத்தகைய தவறு நிகழ்ந்தால், மேலும் கேடு விளையாதிருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திரை நீலமாகும். மறுதொடக்கத்தில் அதே கோப்பு மீண்டும் படிக்கப்படும், மீண்டும் நீலத்திரை.

நிறுவனம் 10.57 மணிக்கு அக்கோப்பைத் திரும்பப் பெற்றது. 78 நிமிடங்களே இடைவெளி. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பயணங்கள் அன்று இரத்தாயின. மருத்துவமனைகளும் வங்கிகளும் தொலைக்காட்சி நிலையங்களும் தடுமாறின. சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றனர்; விமான நிறுவன ஊழியர்கள் பேனாவை எடுத்து நுழைவுச்சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். ஐதராபாத்தில் ஒரு பயணி பெற்ற கையெழுத்துச் சீட்டின் படம் அன்று நாடெங்கும் பரவியது.

திருத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்து வந்தும் துன்பம் பல நாள் நீடித்தது ஏன்? எழவே முடியாத கணினி இணையத்தோடு இணைவது எப்படி? இணையாத கணினிக்குத் திருத்தம் சென்று சேர்வது எப்படி? ஆகவே பெரும்பாலான கணினிகளின் முன்னும் ஒருவர் அமர்ந்து, ‘சேஃப் மோட்’ எனப்படும் பாதுகாப்பு நிலையில் அதனை இயக்கி, அந்த ஒரு கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் 48 இலக்க மீட்புத் திறவெண்ணையும் தட்டச்சிட வேண்டும்.

பிழையைவிடப் பெரிய குறை ஒன்று இதில் உண்டு. அக்கோப்பு எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேளையில் சென்றது. அணையின் மதகைத் திறப்போர் முதலில் சிறிதளவு நீரை விட்டுக் கால்வாய் தாங்குகிறதா எனப் பார்ப்பர். முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பிக் காத்திருந்திருந்தால், சில ஆயிரத்தோடு துன்பம் நின்றிருக்கும். நிகழ்வுக்குப் பின்னரே அந்நிறுவனம் இவ்வகைக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கியது.

மறுப்பது தீர்வாகுமா?

“அப்டேட்டே வேண்டாம்” என்று நிறுத்தி வைப்போர் நம்மிடையே பலர். அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, சில பயனர்களின் ஆவணங்களையே அழித்துவிட்டது. நான்கே நாளில் அதன் வழங்கல் நிறுத்தப்பட்டது. எனினும் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2017 மே 12இல் பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல், கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளையும் நம் நாட்டில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவற்றையும் அது தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மார்ச் 14ஆம் நாளே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் ஏற்காமல் விட்டவர்களே பெரிதும் இழந்தனர்.

ஏற்பதா மறுப்பதா என்பதைவிட, பிழையானால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா என்பதே பயன்தரும் வினா. லினக்ஸின் பல வகைகள், புதிய கெர்னலை நிறுவியபின்னும் பழையதை நீக்காமல் வைத்திருக்கும். புதியது எழாவிடில் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதல், திறன்பேசிகள் பலவற்றில் இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் பேசி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றோர் அறையில் புதியது நிறுவப்படும். புதியது எழத் தவறினால் பேசி தானே பழைய அறைக்குத் திரும்பிவிடும். உங்கள் வீட்டுப் பேசியில் இது நிகழ்ந்திருந்தாலும் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

விண்டோஸிலும் திரும்பும் வழி உண்டு. ஆனால் அதனை நாமே தேடிச் செல்ல வேண்டும். தொடர்ந்து இருமுறை மும்முறை எழத் தவறினால் மீட்புத்திரை தானாகத் தோன்றும். அதில் பழுதுநீக்கம், மேம்பட்ட தெரிவுகள் என உள்ளே சென்றால், இறுதியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்கும் தெரிவு கிடைக்கும். பெரிய பதிப்பு மாற்றமெனில், பத்து நாளுக்குள் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். இவை எதற்கும் முன்பாக ஒன்று: கோப்புகளின் காப்புப்படி, அக்கணினிக்கு வெளியே, ஒரு பென்டிரைவிலேனும் இருக்க வேண்டும். மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைப்பதும் நன்று. அதே கணினிக்குள் சேமித்து வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும். கடைசி நாள் வேலை இருக்கும் வாரத்தில் இற்றைப்படுத்தலைச் சில நாள் தள்ளிவைக்கவும் அமைப்புகளில் இடமுண்டு.

கச்சிராயபாளையத்தில் அன்று நிகழ்ந்ததும் இதுதான். கணினி பழுதுபார்க்கும் என் முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்தவர் முதலில் கேட்டது, “சார், இதுக்கு காப்பி எங்கயாவது இருக்கா?” என்பதே. இல்லை என்றறிந்ததும், முழுவதையும் அழித்து நிறுவும் எளிய வழியை விட்டு, மீட்புத்திரையின் வழியே அரைகுறையாக நின்ற பொதியை நீக்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணி அளவில் விண்ணப்பம் சென்று சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுடன் மலைப்பேருந்துக்கு ஓடினார்.

பின்னர் ஒருமுறை அம்மையத்துக்குச் சென்றபோது மேசையில் ஒரு நீண்ட நோட்டுப்புத்தகத்தைக் கண்டேன். கணினி எழாத நாளில் வருவோரின் பெயர், ஊர், தொலைபேசி எண், விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றைப் பணியாளர் அதில் எழுதி வைக்கிறார். கணினி சீரானதும் கடைசி நாள் நெருங்கியவரை முதலில் அழைக்கிறார்.