மருந்துக் கடையில் யாரும் கேட்காத கேள்விகள்

வீட்டில் கல்யாணம், குலதெய்வத்துக்குப் பொங்கல், யாரோ மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். உடனே மருந்துக் கடைக்கு ஒரு நடை. மாதவிலக்கைத் "தள்ளிப்போடுற மாத்திரை" என்று தாழ்ந்த குரலில் கேட்டால் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வயது என்ன, ரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்ததா என்ற பேச்சே இல்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

ரத்தம் உறைவது எப்படி?

முதலில் கருத்தடை மாத்திரைகளைப் பார்ப்போம்; தள்ளிப்போடும் மாத்திரைக்குப் பிறகு வருகிறேன். கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்க அது தூண்டுகிறது. காலின் உள்ளே ஓடும் ரத்தக்குழாயில் உருவாகும் ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்காகப் பதற வேண்டாம். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இப்படி உறைகிறது. சாப்பிடுவோரில், மாத்திரையின் வகையைப் பொறுத்து, 5 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரை பாதுகாப்பானதே. யாருக்கு ஆகாது என்பதுதான் கேள்வி: 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், கண்முன் ஒளிக்கீற்று தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடத் தரும் நோரெத்திஸ்டிரோன் தனி மருந்து. அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. வேளைக்கு 5 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை விழுங்கும்போது அதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அது கருத்தடையும் அல்ல.

போதையும் சேர்ந்தால்

கொக்கைன் போன்றவை ரத்தக்குழாயைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும். இளம் வயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். உறையும் தன்மை கூடிய ரத்தம் ஓடும் உடலுக்கு இது இரட்டைச் சுமை. குடித்துவிட்டு, கருத்தடை மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய மாத்திரையை நம்ப முடியாது.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. மாத்திரையில் சேர்க்கும் மாவுப்பொருள் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. அது நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ப் படிகிறது. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றலாம்.

மறைக்காதீர்கள்

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இதுவரை வராத கடுந்தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரையோ புகையோ போதையோ, எது எடுத்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் மறைத்த ஒரு வரி சிகிச்சையையே திசைமாற்றிவிடும். அம்மாக்களே, மகள் சொல்லும்போது முதலில் திட்டாமல் கேளுங்கள். போதையிலிருந்து மீள உதவும் தேசிய இலவச எண் 14446.