திருப்பதி விமான நிலையத்துக்காகக் குரல் கொடுப்பது யார்? ஐரோப்பிய விமான நிலையக் கூட்டமைப்பு காட்டும் வழி

திருப்பதி: ஏழுமலையானைத் தரிசிக்க விமானத்தில் வரும் பக்தர்கள் ரேணிகுண்டாவில் வந்து இறங்குகின்றனர். அவர்கள் வாங்கும் பயணச்சீட்டின் விலையில் விமான நிறுவனத்தின் கட்டணத்துடன் விமான நிலையத்துக்குச் சேர வேண்டிய தொகையும் அடங்கியுள்ளது. அந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள், அதற்கு முன் யாருடைய கருத்து கேட்கப்படுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஐரோப்பாவில் இந்த இடத்தில் விமான நிலையங்களின் தொழில் கூட்டமைப்புகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன. திருப்பதி விமான நிலையத்தைத் தனியார் பங்களிப்புக்கு வழங்கும் திட்டம் உள்ள நிலையில், அந்த அனுபவம் இங்கும் கவனிக்கத்தக்கது.

ஏசிஐ ஐரோப்பா என்பது என்ன?

உலக விமான நிலையங்களின் அமைப்பான ஏசிஐ 1991-ல் உருவானது. அதன் ஐரோப்பியப் பிரிவு பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இயங்குகிறது. 55 நாடுகளைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில்தான் வடிவம் பெறுகின்றன. எனவே வரைவு நிலையிலேயே உறுப்பினர்களின் கருத்தைத் திரட்டி, பயணிகள் எண்ணிக்கை உள்ளிட்ட தரவுகளுடன் எடுத்துரைப்பது இவ்வமைப்பின் முதன்மைப் பணியாகும்.

எதிர்த்தரப்பிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. 1945-ல் தொடங்கப்பட்ட ஐயாட்டா உலக அளவில் விமான நிறுவனங்களுக்காகப் பேசுகிறது. ஐரோப்பிய விமான நிறுவனங்கள் 2016-ல் 'ஏர்லைன்ஸ் ஃபார் யூரோப்' என்ற தனி அமைப்பையும் தொடங்கின. கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் வாதம். ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் செய்த முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பது விமான நிலையங்களின் வாதம். இரு தரப்பையும் கேட்டே கொள்கை வகுக்கப்படுகிறது.

சட்டம் தரும் இடம்

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் விமான நிலையக் கட்டணங்கள் குறித்த நெறிமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்து செல்லும் விமான நிலையங்களுக்கும், ஒவ்வோர் உறுப்பு நாட்டின் மிகப் பெரிய விமான நிலையத்துக்கும் இது பொருந்தும். கட்டணத்தை மாற்றுவதற்கு முன் விமான நிறுவனங்களுடனோ அவற்றின் சங்கங்களுடனோ கலந்து பேசுவது கட்டாயம். உடன்பாடு ஏற்படாவிட்டால் சுதந்திரமான மேற்பார்வை அமைப்பை அணுகலாம்.

சிறிய விமான நிலையங்களின் நிலை வேறு. பயணிகள் குறைவாக இருந்தாலும் பாதுகாப்பு, தீயணைப்பு, ஓடுபாதைப் பராமரிப்பு போன்ற செலவுகள் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆண்டுக்கு 30 லட்சம் பயணிகளுக்கும் குறைவான நிலையங்களுக்கு அரசு இயக்க உதவி வழங்க, 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் காலவரம்புடன் இடமளித்தன. 2024 ஏப்ரலில் முடிய இருந்த அந்தக் காலம் 2027 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. இந்த நீட்டிப்பை வலியுறுத்திய தரப்புகளில் ஏசிஐ ஐரோப்பாவும் ஒன்று. தனித்து நின்றால் கவனம் பெறாத சிறு நகர விமான நிலையங்களுக்குக் கூட்டமைப்பால் கிடைத்த பலன் இது.

திருப்பதியின் நிலை

ரேணிகுண்டா விமான நிலையம் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் நிர்வாகத்தில் வளர்ந்தது. 'கருடா' என்று பெயரிடப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 அக்டோபர் 22 அன்று திறந்து வைத்தார். 2017-ல் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதால், இந்நிலையம் இப்போது புதிய மாவட்டத்தில் உள்ளது. இருப்பினும் சித்தூர் மக்களும் இதைப் பயன்படுத்துகின்றனர். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுடன் பயணிகளுக்காகப் போட்டியிட வேண்டிய நிலையும் இதற்கு உண்டு.

இந்தியாவில் முக்கிய விமான நிலையங்களின் கட்டணத்தை, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையமான 'ஏரா' நிர்ணயிக்கிறது. முக்கிய விமான நிலையம் என்பதற்கான பயணிகள் வரம்பு 2019-ல் ஆண்டுக்கு 15 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. திருப்பதி இந்த வரம்புக்கு வெகு கீழே உள்ளது. எனினும் 2021-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், பல விமான நிலையங்களை ஒரே தொகுப்பாக 'முக்கிய விமான நிலையம்' என அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது.

அதே 2021-ல், 6 பெரிய விமான நிலையங்களுடன் 7 சிறிய விமான நிலையங்களை இணைத்துத் தனியாருக்குக் குத்தகைக்கு விட இந்திய விமான நிலையங்கள் ஆணையம் முடிவு செய்தது. அதில் திருப்பதி, தமிழ்நாட்டின் திருச்சியுடன் இணைக்கப்பட்டது. லாபம் தரும் நிலையத்துடன் சிறிய நிலையத்தைச் சேர்த்தால் இரண்டும் வளரும் என்பது இதன் நோக்கம். இதனால் திருப்பதி பக்தரும் திருச்சி வழியாக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளரும் செலுத்தும் கட்டணம் ஒரே கணக்கின் கீழ் வரக்கூடும்.

இந்தியாவில் யார் பேசுகிறார்கள்?

டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு போன்ற தனியார் நிர்வாக விமான நிலையங்களுக்குத் தனியார் விமான நிலைய இயக்குநர்கள் சங்கம் உள்ளது. விமான நிறுவனங்களுக்கு இந்திய விமான நிறுவனங்கள் கூட்டமைப்பு உள்ளது. அரசு நிர்வாகத்தில் உள்ள நிலையங்களுக்காக டெல்லியில் உள்ள ஆணையமே பேசுகிறது. உள்ளூர் அளவில், தொகுதி மக்களவை உறுப்பினர் தலைமையிலான விமான நிலைய ஆலோசனைக் குழு கோரிக்கைகளை எழுப்பலாம். ஆனால் கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

தொழில் கூட்டமைப்புகள் தங்கள் உறுப்பினர்களின் நலனுக்காகவே இயங்குகின்றன. விமான நிலையச் சங்கமோ விமான நிறுவனச் சங்கமோ பயணிகளின் நேரடிப் பிரதிநிதி அல்ல. கட்டணம் குறைந்தால் பயணச்சீட்டின் விலையும் குறையும் என்ற உறுதியும் இல்லை.

எனினும் ஒரு வழி திறந்தே உள்ளது. ஏரா தனது உத்தரவுக்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, விமான நிலையத்தைப் பயன்படுத்துவோர் உட்பட அனைத்துத் தரப்பின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். திருச்சி–திருப்பதி தொகுப்பு ஏராவின் வரம்புக்குள் வந்தால், பயணிகள் அமைப்புகளும் வணிகச் சங்கங்களும் எழுத்துப்பூர்வமாகக் கருத்துத் தெரிவிக்க முடியும். ஏராவின் உத்தரவை எதிர்த்துத் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு.