வால்வு மாத்தணுமா? அப்பாகிட்ட கேட்டீங்களா?

சேலம், நாமக்கல் பக்கம் எந்த இதய மருத்துவரோட அறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த வார்த்தை காதில் விழும்: "நீங்க பாத்து எது நல்லதுன்னு சொல்றீங்களோ, அதையே பண்ணிருங்க டாக்டர்." மரியாதையாகச் சொல்வதுதான். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருந்தால் அது சரியான பதிலும்கூட. ஆனா எழுபது வயசைத் தாண்டினவருக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தால் இந்தப் பதில் பத்தாது. எது நல்லது என்று சொல்வதற்கே டாக்டருக்கு ஒரு தகவல் வேணும். அது எக்கோ ரிப்போர்ட்டில் இருக்காது, நோயாளியிடம்தான் இருக்கும்.

கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பது என்பது புது யோசனை இல்லை. அமெரிக்க அதிபரின் மருத்துவ அறநெறி ஆணையம் 1982-லேயே தன் அறிக்கையில் இதைப் பேசியிருக்கிறது. டாக்டர் தனக்குத் தெரிந்த மருத்துவத்தைச் சொல்லணும், நோயாளி தனக்குத் தெரிந்த தன் வாழ்க்கையைச் சொல்லணும், இரண்டையும் வைத்து முடிவு பண்ணணும். கேட்க எளிதாக இருக்கு. வால்வு விஷயத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, முதலில் வால்வைப் பார்த்துவிடலாம்.

இதயத்தில் நாலு வால்வு. வயசானவர்களுக்கு அதிகம் கெடுவது பெருந்தமனி வால்வு, டாக்டர்கள் ஏயார்ட்டிக் வால்வு என்பார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறுகிற வாசல் அது. வருஷக்கணக்கில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போகும். கேட் வால்வை முக்கால்வாசி மூடிவிட்டு போர் மோட்டாரை ஓட்டினால் மோட்டாருக்கு என்ன ஆகுமோ, அதுதான் இதயத்துக்கும். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சில பேர் மயங்கி விழுவார்கள். "வயசாச்சுல்ல, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுவதும் நடக்கும். நம்ம ஊரில் இன்னொரு வகையும் உண்டு. சின்ன வயசில் தொண்டைப் புண்ணில் தொடங்கி, ருமாட்டிக் காய்ச்சலாகி, மைட்ரல் வால்வைக் கெடுத்து, பல வருஷம் கழித்துத் தலைகாட்டுவது.

இறுகிப்போன வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது. அறுவை சிகிச்சை தாங்காது என்று கைவிடப்பட்டவர்களை வைத்துச் செய்த பார்ட்னர் என்ற ஆய்வு 2010-ல் வந்தது. வால்வு மாற்றாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 100-க்கு சுமார் 51 பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைத்தவர்களில் அது சுமார் 31 பேர். வித்தியாசம் பெரிசு, சந்தேகமே இல்லை. ஆனா வால்வு வைத்த பிறகும் 31 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கணும். அவர்களில் பலருக்கு வால்வு மட்டும் பிரச்சினை இல்லை. சிறுநீரகம், நுரையீரல், தளர்ந்துபோன உடம்பு எல்லாமே இருந்தது.

இப்போ என்னென்ன வழி இருக்கு? நெஞ்செலும்பைத் திறந்து செய்கிற அறுவை சிகிச்சை ஒன்று. அதில் உலோகம், கார்பன் மாதிரி பொருளால் ஆன வால்வு வைக்கலாம், இல்லை மாடு, பன்றியின் திசுவில் செய்த வால்வு வைக்கலாம். செயற்கை வால்வு நீண்ட காலம் உழைக்கும். நம்ம நாட்டிலேயே செய்தது இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா வால்வை 1990 டிசம்பரில் முதல்முறையாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். ஆனா இந்த வகை வைத்துக்கொண்டவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடணும். திசு வால்வுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை, ஆனா பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகலாம்.

இன்னொன்று டாவி. பிரான்ஸில் ருவான் நகரத்தில் அலென் கிரிபியே 2002-ல் முதன்முதலில் செய்தது. நெஞ்சைத் திறக்காமல், பெரும்பாலும் தொடை வழியாகவே வால்வைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனா விலை அதிகம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் வாய்ப்பும் அறுவை சிகிச்சையைவிட இதில் கூடுதல். கடைசியாக, எதுவுமே மாற்றாமல் மருந்தோடு இருப்பது. அதுவும் ஒரு வழிதான், ஆனா அதை யாரும் வழி என்று சொல்வதில்லை.

எந்த வயசுக்கு எது என்று மேல்நாட்டு இதயச் சங்கங்கள் கோடு போட்டு வைத்திருக்கின்றன. அமெரிக்க வழிகாட்டி, 2020-ல் வந்தது, 65-க்குக் கீழே அறுவை சிகிச்சை, 80-க்கு மேலே டாவி, நடுவில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவு பண்ணட்டும் என்றது. அடுத்த வருஷமே ஐரோப்பியர்கள் 75-ல் கோடு போட்டார்கள். 2025-ல் அதை 70-க்கு இறக்கினார்கள். இரண்டு பக்கமும் படித்தது ஏறக்குறைய அதே ஆய்வுகளைத்தான். கோடு இப்படி நகர்கிறது என்றால், அந்த இடத்தில் அறிவியல் தனியாகப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். மிச்சத்தை நோயாளியின் வாழ்க்கைதான் சொல்லணும்.

எப்படின்னு பாருங்க. நாமக்கல்லில் லாரி பாடி பட்டறை வைத்திருக்கிறார், அறுபதை ஒட்டின வயசு, இன்னும் தானே தகடு வெட்டுகிறார் என்று வைத்துக்குவோம். தினமும் கையில் ஒரு கீறலாவது விழும். அவருக்கு ரத்தம் உறையாத மாத்திரை எப்படி ஒத்துவரும்? கொல்லிமலையில் இருக்கிற அம்மாயிக்கு அதே மாத்திரை வேறு மாதிரிப் பிரச்சினை. அசிட்ரோமோ வார்ஃபரினோ எடுத்தால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி பார்க்கணும், அளவு சரியாக நின்ற பிறகும் மாதத்துக்கு ஒருமுறையாவது. அதற்காக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறணும். யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? ஒருநாள் கீரை நிறையச் சாப்பிட்டு, அடுத்த பத்து நாள் தொடவே இல்லை என்றாலும் அளவு ஆடும் (கீரையே கூடாது என்று சொல்வது தப்பு, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்). மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். நம்ம ஊர்ப் பெரியவர்களில் அந்த வலி மாத்திரை போடாதவர் யாரு?

மாட்டுத் திசு, பன்றித் திசு சமாச்சாரம் இன்னொன்று. சிலருக்கு அது பெரிய விஷயமே இல்லை. சிலருக்கு ஆயுசுக்கும் மனசை அரிக்கும். கேட்காமல் வைத்துவிட்டு அப்புறம் சொல்வது நியாயமா?

அமெரிக்காவில் இந்த வால்வு நோய் முற்றிய, அறுவை சிகிச்சைக்கு ஆபத்து அதிகமான 46 பேரிடம், "இந்த சிகிச்சையால் உங்களுக்கு என்ன கிடைக்கணும்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். 2016-ல் வந்த ஆய்வு. கிட்டத்தட்டப் பாதிப் பேர் தாங்கள் விரும்பும் ஏதோ ஒரு வேலையைத் திரும்பச் செய்யணும் என்றார்கள். 30 சதவீதம் பேர் யாரையும் சார்ந்திருக்கக் கூடாது என்றார்கள். உயிரோடு இருக்கணும் என்பதை முதல் நோக்கமாகச் சொன்னவர்கள் 7 சதவீதம்தான். சின்ன ஆய்வு, தூர தேசம், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம அப்பாரு கிட்ட கேட்டால் "தோட்டத்துக்குப் போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டணும், பாத்ரூமுக்கு நானே போகணும், அவ்வளவுதான்" என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தோணுது.

கேட்டால் என்பதுதான் இங்கே சிக்கல். நம்ம பக்கம் டாக்டர் பேசுவது மகனிடம். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரை வெளியே அனுப்பிவிட்டு, "அப்பாகிட்ட எதுவும் சொல்லிராதீங்க டாக்டர், பயந்துக்குவாரு" என்பார்கள். பாசத்தில்தான். ஆனா சட்டம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சமீரா கோலி வழக்கு என்று ஒன்று, 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டெல்லியில் 1995-ல் 44 வயசுப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் சொன்னது: அவர் சுயநினைவு திரும்பக்கூடிய, தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, அதனால் அம்மாவின் சம்மதம் செல்லாது. வால்வுக்கும் இதய நோய்க்கும் சம்பந்தமில்லாத வழக்கு, ஆனா சேலத்தில் மகன் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு படிவத்துக்கும் பொருந்தும்.

அதே தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு பகுதியும் உண்டு. டாக்டர் எவ்வளவு தகவல் சொல்லணும் என்ற கேள்வியில், அமெரிக்கா அளவுக்கு இங்கே எதிர்பார்க்க முடியாது, இங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், படிப்பறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் புரியாது என்ற வகையில் நீதிமன்றம் வாதிட்டது. பிரிட்டன் நீதிமன்றமோ 2015-ல் மான்ட்கோமரி வழக்கில், அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அந்த ஆபத்தைச் சொல்லியே ஆகணும் என்ற இடத்துக்குப் போய்விட்டது. புரியாது என்பதை நான் நம்பவில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் தினமும் முட்டை விலை பார்த்து, தீவனம் விலை பார்த்து, விற்கலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்கிறார். ஆத்தூரில் குச்சிக்கிழங்கு போடுகிறவர் பத்து மாசம் கழித்து என்ன விலை வரும் என்று தெரியாமலே நடுகிறார். நிச்சயமில்லாததை வைத்து முடிவெடுப்பது இவர்களுக்குப் பழகின விஷயம். அவர்கள் மொழியில் சொல்லணும், அவ்வளவுதான்.

நேரம் எங்கே இருக்கு என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆரம்ப சுகாதார ஆலோசனை எவ்வளவு நேரம் நடக்கிறது என்று பல நாடுகளை ஒப்பிட்ட 2017-ம் வருஷத்து ஆய்வில் ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல், இந்தியாவில் சுமார் 2 நிமிஷம். ஆனா வால்வு பெரும்பாலும் அன்றைக்கே முடிவு செய்யவேண்டிய அவசரம் இல்லை. மயக்கமோ, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டோ வந்தவர் வேறு. மற்றவர்கள், "ஒரு வாரம் யோசிச்சுட்டு வரலாமுங்களா?" என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் மார்கரெட் ஸ்வார்ட்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் குழு ஒரு முறை வைத்திருக்கிறது. சதவீதக் கணக்குக்குப் பதிலாகக் கதையாகச் சொல்வது. ஒவ்வொரு வழிக்கும், எல்லாம் நல்லபடியாக நடந்தால் எப்படி இருப்பீங்க, மோசமாகப் போனால் எப்படி இருப்பீங்க, உங்க உடம்புக்கு எது நடக்கும் என்று நான் நினைக்கிறேன், மூன்றையும் ஒரு தாளில் வரைந்து காட்டுவார்கள். இதை நம்ம ஊர்த் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்: "ஏனுங்க டாக்டர், நல்லபடியா போச்சுன்னா ஆறு மாசத்துல நான் எப்படி இருப்பேன்? சரியா வரலைன்னா எப்படி இருப்பேன்? ஒண்ணுமே பண்ணலைன்னா?"

பணமும் பேச்சில் வரணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, வால்வு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் இருக்கிறது. ஆனா எந்த வழிக்கு எவ்வளவு என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இல்லாட்டி, "எனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு, பேத்தி படிப்புக்கு வெச்சுக்கோ" என்று பெரியவர் சொல்லும்போது, அது அவருடைய விருப்பமா, இல்லை வீட்டுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயமா என்று கண்டுபிடிக்க முடியாது. சிலர், "பையன் என்ன சொல்றானோ அதுதான்" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், அவரிடம் கேட்டு அவர் வாயால் வந்திருந்தால்.

எல்லாம் கேட்டுவிட்டு "வேண்டாமுங்க" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். எண்பத்தைந்து வயசில், வேறு நாலு நோயோடு இருப்பவர் அப்படிச் சொன்னால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரை "இனி வரவேண்டாம்" என்று அனுப்பவும் கூடாது. நீர் பிரியும் மாத்திரை, மூச்சுத் திணறலுக்கு மருந்து, ராத்திரி தலையை உயர்த்திப் படுக்க வைப்பது, வலி தணிப்பு சிகிச்சை என்று செய்ய நிறைய இருக்கு. பிறகு மனசு மாறினாலும் திரும்ப வரலாம் என்று சொல்லிவைக்கணும், கூடவே நாளாக ஆக இதயம் தளர்ந்துகொண்டே போகும், அப்போது எல்லா வழியும் திறந்திருக்காது என்பதையும்.