கடிதமும் கூட்டமும்: இரு நூல்கள் தரும் பாடம்

சங்கத்தின் அலுவல்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடைபெறுகின்றன. ஒன்று, காரியதரிசி அங்கத்தினருக்கு எழுதும் கடிதம். மற்றொன்று, அங்கத்தினர் கூடிப் பேசும் கூட்டம். கணக்குகள் எவ்வளவு ஒழுங்காயிருப்பினும், இவ்விரண்டில் குழப்பம் நேரின் நட்டம் அங்கத்தினரையே சாரும். இவை பற்றி மேல்நாட்டார் எழுதிய இரு நூல்களின் சாரத்தை அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

முதலாவது, இங்கிலாந்தில் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஸர் எர்னஸ்ட் கௌவர்ஸ் எழுதியது. அரசாங்க ஊழியரின் எழுத்தைச் சீர்படுத்த உதவுமாறு அந்நாட்டு நிதி இலாகா அவரைக் கேட்டுக்கொண்டது. அதன் பயனாக 1948-ல் 'பிளெயின் வேர்ட்ஸ்', அதாவது 'எளிய சொற்கள்', வெளிவந்தது. 1951-ல் வந்த துணை நூலையும் இதனோடு இணைத்து 1954-ல் முழு நூலாக்கினார். அவர் 1966-ல் காலமானார். நூலோ பலமுறை திருத்தப்பெற்று இன்றும் வாழ்கிறது.

அவர் கூறும் யோசனைகள் எளியவை. கேட்பவர் கேட்பது இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும். விடையைத் தொடக்கத்திலேயே கூறிவிடல் வேண்டும். பழகிய சொல் இருக்க அரிய சொல்லை நாடலாகாது. துன்புற்று எழுதியவருக்கு அனுதாபத்துடன் பதிலிறுத்தல் வேண்டும்.

இதனை நாம் பட்டறிந்தே கற்றோம். ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்கையில், பயிர்க் கடன் பெற்ற முதியவர் ஒருவர் கெடு தவறி வட்டிச் சலுகையை இழந்திருந்தது தெரியவந்தது. அவருக்குக் கடிதம் போயிருந்தது. அதில் இருந்த வாசகம் இது: "மேற்கண்ட பொருள் தொடர்பாக, உரிய கெடுவுக்குள் நிலுவையினைத் தீர்வு செய்யத் தவறும்பட்சத்தில் சலுகை மறுக்கப்பட நேரிடும் என்பது இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது." தேதி எங்கும் இல்லை. காரியதரிசியைக் கடிந்துகொள்ள முற்பட்டோம். அவரோ மறுமொழி கூறாமல், கோப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். வாசகம் வரிக்கு வரி நாம் எழுதியதே! கடிந்துகொள்ள வாய் எழவில்லை.

"தங்கள் கடனை மார்ச் 15-ம் தேதிக்குள் செலுத்தினால் வட்டிச் சலுகை உண்டு, பின்னர்ச் செலுத்தினால் இல்லை. ஐயமிருப்பின் சங்கத்திற்கு வந்து கேட்கலாம்" என்றிருந்தால் அம்முதியவர் பணம் தப்பியிருக்கும்.

இரண்டாவது நூலின் ஆசிரியர் ஹென்றி ராபர்ட், அமெரிக்க ராணுவத்தில் பொறியியல் அதிகாரி. 1863-ல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு கூட்டத்திற்குத் தலைமை வகிக்க அழைக்கப்பட்டார். நடத்தும் முறை அறியாததால் கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. அவ்வெட்கமே அவரை இத்துறையில் ஆராயத் தூண்டிற்று. 1876-ல் வெளிவந்த அவருடைய விதி நூலின் 12-ம் பதிப்பு 2020-ல் வெளியாயிற்று.

ஒரு சமயத்தில் ஒரு பொருளையே பேசுதல். தலைவரை நோக்கியே பேசுதல். ஒருமுறை பேசியவர் மீண்டும் எழுமுன் பேசாதவருக்கு இடமளித்தல். தீர்மானத்தைக் குறை கூறலாம், கொண்டுவந்தவரின் நோக்கத்தைக் குறை கூறலாகாது என்பன அதன் முக்கிய விதிகள். கூலி உயர்வு பற்றிப் பேசத் தொடங்கி, நூல் கொள்முதலுக்குத் தாவி, பழைய பகையில் முடியும் மகாசபைகளை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய நாளில் கூலி உயர்வு தீர்மானமாகாமலே நெசவாளர் வீடு திரும்புகின்றனர்.

இந்நூல்களை வாங்க இயலாத சங்கமும் இரண்டு காரியங்களைச் செய்யலாம். கடிதத்தை அனுப்புமுன், அலுவலகத்தைச் சேராத அங்கத்தினர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, "என்ன செய்யவேண்டும் என்று புரிகிறதா?" என்று கேட்கலாம். கூட்டத்தில் ஒரு பொருளின் முடிவை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிப் படித்த பின்னரே அடுத்த பொருளை எடுக்கலாம். நாமும் நமது சுற்றறிக்கைகளை இப்போது அவ்வாறே படித்துக் காட்டிய பிறகு அனுப்பி வருகிறோம்.