அழகா, நாதமா?

பழைய எல்.பி. இசைத்தட்டுகளைக் கேட்க உயர்ரக டர்ன்டேபிள் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சீராகச் சுழல வேண்டும். வெளி அதிர்வு ஊசியை எட்டக் கூடாது. மற்றதெல்லாம் அலங்காரமே.

1970களில் ஸ்காட்லாந்தில் பிறந்த லின் சோன்டெக் எல்.பி.12 பார்வைக்குச் சாதாரண மரப்பெட்டிதான். உள்ளே தட்டையும் ஊசிக்கையையும் மூன்று ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. ரயில்பெட்டிகளோடு காலம் கழித்த எனக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல.

கடையில் இப்படிச் சோதியுங்கள்: சுழலாத தட்டில் ஊசியை வைத்து, ஒலியைச் சற்றுக் கூட்டி, மேசையை மெல்லத் தட்டுங்கள். ஒரே மேசையில் இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கள். ஸ்பீக்கரில் 'டொக்' பலமாகக் கேட்பது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

ஊசியின் பாரம் பொதுவாக 2 கிராம் அளவே. மிகுந்தால் தட்டு தேயும். மறுபதிப்பு வராத கச்சேரியை எங்கே தேடுவது?