வரியும் மதிப்பும் – 9: ஒரு மின்கம்பத்துக்கு என்ன விலை?

வீட்டுக்கு மதிப்புப் போடும் முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். அதில் எத்தனை சச்சரவு இருந்தாலும் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு உண்டு. பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துவிடலாம். மின்கம்பத்துக்கு அந்தக் கொம்பு கிடையாது. தெருமுனையில் நிற்கும் கம்பத்தைத் தனியாக விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பிடுங்கினால் இரும்புக் கம்பம் பேரீச்சம்பழத்துக்குப் போகும், மரக் கம்பம் அடுப்புக்குப் போகும். பிடுங்காமல் விட்டாலோ அதன்மேல் ஓடும் கம்பி ஊருக்கு வெளிச்சமும் நிறுவனத்துக்கு மாதாமாதம் வருமானமும் தருகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அமெரிக்காவில் பள்ளிக்கூடமும் தீயணைப்பும் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியில் ஓடுகின்றன. அதனால் மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, ரயில் நிறுவனங்களின் சொத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்பது அங்கே நூறு ஆண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறும் வழக்கு. அந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: மதிப்பு கம்பத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருள் அல்ல. எந்தத் தராசில் நிறுப்பது என்பதைச் சட்டம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத இடங்களில், அவரவருக்கு வசதியான தராசை அவரவர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கதை தொடங்குவது மின்சாரத்தில் அல்ல, குதிரையில். 1890-களில் ஒஹாயோ மாநிலத்தில் ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற பார்சல் நிறுவனங்கள் பணப்பைகளையும் பொட்டலங்களையும் ரயிலேற்றி நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தன. தண்டவாளம் அவர்களுடையதல்ல. குதிரை, வண்டி, இரும்புப் பெட்டி, தோல்பை, இவைதாம் கண்ணில் படும் சொத்து. 1895-இல் ஆடம்ஸ் நிறுவனம் ஒஹாயோவில் தனக்கு இருப்பதாகக் காட்டிய அசையும் சொத்து சுமார் 42,000 டாலர். மாநில மதிப்பீட்டுக் குழு போட்ட மதிப்போ 5,33,000 டாலருக்கு மேல். ‘குதிரையை எண்ணி வரி போடுங்கள், அதற்கு மேல் உரிமையில்லை’ என்று நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1897-இல் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது. தலைமை நீதிபதி ஃபுல்லர் வழக்கேட்டிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துப் போட்டார். இந்த நிறுவனங்களில் ஒன்று, 23,430 டாலர் பெறுமானமுள்ள குதிரை, வண்டி, பெட்டி, பைகளைக் கொண்டு ஒரே ஆண்டில் 2,75,446 டாலர் வசூல் செய்திருக்கிறது. அப்படியொரு குதிரை எந்தச் சந்தையிலும் கிடைக்காது. சம்பாதித்தது குதிரை அல்ல, குதிரைகளை ஊர் ஊராகக் கோத்த பின்னல். மறுவிசாரணைத் தீர்ப்பில் நீதிபதி புரூவர் இதையே முழு நிறுவனத்துக்கும் விரித்தார்: பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த 40 லட்சம் டாலர் சொத்து, ஒன்றாக இயங்கியதால் 1 கோடியே 60 லட்சம் டாலர் நிறுவனமாகியிருந்தது. முதலில் முழுதுக்கும் மதிப்பு, பிறகு மாநிலத்துக்கு அதன் பங்கு என்ற முறை ரயில் வழக்குகளில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. இந்தத் தீர்ப்பில் அது மரமாக நின்றது.

அந்த 5–4 தீர்ப்பில் தோற்ற பக்கத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நீதிபதி ஒயிட் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது: நியூயார்க்கில் விளைந்த மதிப்பை ஒஹாயோவில் நிற்கும் வண்டிமேல் ஏற்றி வரி போடுவது, எல்லைக்கு வெளியே கைநீட்டுவது ஆகாதா? ஆகும், பங்கு பிரிக்கும் அளவுகோல் கோணலாக இருந்தால். அதைப் பின்னாளில் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 1920-இல் வடக்கு டகோட்டா வழக்கு அதற்கு உதாரணம். தண்டவாள நீளத்தை வைத்து அந்த மாநிலம் தன் பங்கைக் கணக்கிட்டது. ஆனால் வடக்கு டகோட்டா சமவெளி. அங்கே ஒரு மைல் பாதை போட ஆகும் செலவு வேறு, மலையைக் குடைந்து ஒரு மைல் போட ஆகும் செலவு வேறு. பெருநகர முனையங்களும் பிற மாநிலங்களில்தான் இருந்தன. மைலுக்கு மைல் சமம் என்ற கணக்கை நீதிபதி ஹோம்ஸ் ஏற்கவில்லை. ஆக, ஒயிட்டின் அச்சத்துக்குப் பதில் முழுமை மதிப்பைக் கைவிடுவது அல்ல, பங்கு பிரிப்பதில் நேர்மை. குதிரைக் கணக்குக்கே திரும்பிப் போனால் நிறுவனத்தின் முக்கால் பங்கு மதிப்பு எந்த மாநிலத்தின் வரி ஏட்டிலும் வராமல் காற்றில் நிற்கும்.

சரி, முழுமையின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பீட்டாளர்கள் கையில் மூன்று வழிகள்: ஆன செலவு, வரும் வருமானம், சந்தை விலை. 2007-இல் சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனத்துக்கும் ஜார்ஜியா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில், மாநிலம் முழு நிறுவனத்துக்குச் சுமார் 780 கோடி டாலர் என்றது, நிறுவனத்தின் நிபுணர் சுமார் 600 கோடி என்றார். இருவருமே அங்கீகரிக்கப்பட்ட முறைகளைத்தான் கையாண்டார்கள். மதிப்பிடுவது கணிதம் அல்ல, ஒருவிதக் கைத்தொழில் என்ற பொருளில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கைத்தொழில் என்றால் கை யாருடையது என்று கேட்கத்தானே வேண்டும். இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு, இந்த விவகாரத்தில் இதைவிடச் சுவையானது எனக்குத் தெரிந்து வேறில்லை. 1890-களில் நெப்ராஸ்கா மாநிலம் ரயில் கட்டணத்தைக் குறைத்ததை எதிர்த்து எழுந்த வழக்கில், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மாநிலத்துக்காக வாதாடினார். அப்போது விலைவாசி இறங்கியிருந்தது. இன்று இந்தப் பாதையைப் புதிதாகப் போட்டால் எவ்வளவு ஆகுமோ அதுதான் மதிப்பு என்றது மாநிலத் தரப்பு. அன்றைக்கு உண்மையில் செலவழித்த பணம் என்ன ஆவது என்றன ரயில் நிறுவனங்கள். முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியது. உடனே கட்சிகள் இடம் மாறின. இன்றைய விலையில் கணக்கிடுங்கள் என்று நிறுவனங்கள் கேட்க, அசல் செலவைப் பாருங்கள் என்று மக்கள் தரப்பு சொன்னது. இருபது முப்பது ஆண்டுகளில் இரு தரப்பும் எதிராளியின் தத்துவத்தை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டன. இதில் தத்துவம் ஏதும் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

1898-இல் முடிந்த அந்த நெப்ராஸ்கா வழக்கு, சொத்தின் நியாயமான மதிப்புக்கு ஏற்ற வருமானம் வரும்படி கட்டணம் இருக்க வேண்டும் என்று விதித்தது. இதில் ஒரு செக்குமாட்டுச் சுற்று இருக்கிறது. கட்டணத்தைத் தீர்மானிக்க மதிப்பு வேண்டும். ஆனால் நிறுவனத்தின் மதிப்போ அது வசூலிக்கும் கட்டணத்தைப் பொறுத்தது. 1944-இல் ஹோப் இயற்கை எரிவாயு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சுற்றை உடைத்தது. கட்டணத்திலிருந்துதான் மதிப்பு பிறக்கிறது, மதிப்பிலிருந்து கட்டணம் அல்ல என்று நீதிபதி டக்ளஸ் விளக்கினார். அதன்பின் பெரும்பாலான ஒழுங்குமுறை ஆணையங்கள் போட்ட அசல் முதல், அதில் தேய்மானம் போக மீதி, அந்த மீதியின்மேல் இவ்வளவு வருவாய் என்ற நேர்கோட்டுக்கு வந்தன. கட்டணத் தகராறு ஓரளவு அடங்கியது. வரித் தகராறோ புது உருவம் எடுத்தது. ‘ஆணையம் எனக்கு அனுமதித்திருப்பது தேய்மானம் போன புத்தக மதிப்பின்மேல் வருவாய். அதற்கு மேல் ஒரு காசு தந்து யார் என்னை வாங்குவார்கள்? ஆகவே அதுவே சந்தை மதிப்பு’ என்கிறது நிறுவனம்.

இந்த வாதத்தில் சரக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் அது ஒழுகுகிறது. ஒன்று, மின் நிறுவனப் பங்குகள் பல ஆண்டுகளாகப் புத்தக மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கே பங்குச் சந்தையில் கைமாறி வருகின்றன. வாங்குகிறவர் இன்றைய கம்பத்தை மட்டும் வாங்குவதில்லை, போட்டியாளர் நுழைய முடியாத எல்லையையும், நாளை அங்கே போடப்போகும் முதலுக்கு வரும் வருவாயையும் சேர்த்து வாங்குகிறார். இரண்டு, தேய்மானம் கணக்கேட்டில் ஓடும் வேகத்தில் கம்பம் தேய்வதில்லை. ஏட்டில் பூஜ்யமாகிவிட்ட கம்பியில் மின்சாரம் முழுதாகத்தான் ஓடுகிறது.

நியூ ஹாம்ப்ஷயரில் இந்த இழுபறி முழு வடிவில் நடந்தது. அங்கே 234 ஊர்களும் நகரங்களும், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் கம்பி, கம்பம், துணைமின் நிலையத்துக்குத் தானே மதிப்புப் போட்டது. மாநில வருவாய்த் துறையோ தன் தனி வரிக்காக அதே சொத்தை முழுமை முறையில் மதிப்பிட்டது. ஒரே கம்பத்துக்கு ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில் இரண்டு அரசு விலைகள். வழக்குகள் குவியாமல் என்ன செய்யும்? போ என்ற ஊரிலுள்ள மெரிமாக் நிலக்கரி மின்நிலையம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அதன் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவிக்கு மட்டும் சுமார் 42 கோடி டாலர் செலவானது. அதே காலத்தில் இயற்கை எரிவாயு மலிந்து, நிலக்கரி நிலையம் ஓடும் நாட்கள் சுருங்கின. நிலையத்துக்கு ஊர் போட்ட மதிப்பு அதிகம் என்று 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அதே ஆண்டு இந்த நிலையம் வேறு அனல் நிலையங்களோடு சேர்த்து மொத்தமாக 17.5 கோடி டாலருக்கு விலைபோனது. ஒரு கருவிக்கு ஆன செலவில் பாதிகூட மொத்த நிலையங்களுக்கும் சேர்ந்து தேறவில்லை. ஆன செலவு என்ற தராசும் பொய் சொல்லும். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மின்நிலையம் சந்தையில் போட்டியிடும் சொத்து, சந்தை அதற்கு விலை சொல்லிவிடும். தெருக் கம்பிக்குச் சந்தை என்று ஒன்று கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றமும் 2019-இல் இந்த வேறுபாட்டின் வழியே போனது. மின்விநியோகச் சொத்துக்கு அசல் செலவில் 70 விழுக்காடு, தேய்மானம் போன மதிப்பில் 30 விழுக்காடு, இரண்டையும் கூட்டியதே வரி மதிப்பு என்று சூத்திரம் வகுத்து, ஐந்தாண்டில் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இது மதிப்பே அல்ல, பேரம் பேசி எட்டிய எண் என்று வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம். பேரம்தான். ஓர் ஊருக்குள் கிடக்கும் அரைமைல் கம்பிக்குச் சந்தை விலை என்று நிபுணர் ஒருவர் எழுதித் தரும் எண்ணும் கற்பனைதானே? ஒன்று அறையைச் சாத்திக்கொண்டு ஒருவர் செய்த கற்பனை, மற்றது சட்டமன்றத்தில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்ட எண். சில ஆயிரம் பேர் வாழும் ஊர், வக்கீல் படையோடு வரும் நிறுவனத்தோடு ஆண்டுதோறும் மோதித் தோற்றால், வாங்கிய வரியைத் திருப்பித் தர வேண்டும். பள்ளிச் சம்பளமாகச் செலவழிந்த பணம் அது. நிறுவனத்துக்கும் அடுத்த ஆண்டு வரி என்ன என்பது தெரியாத நிலை சுகமானதல்ல.

ஆனால் புத்தக மதிப்பு ஒன்றையே தராசாக்கினால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவில் பார்க்கலாம். அங்கே மின்நிறுவனச் சொத்தை மாவட்டங்கள் அல்ல, மாநில சமன்பாட்டு வாரியமே மதிப்பிடுகிறது. கட்டணம் ஒழுங்குபடுத்தப்பட்ட சொத்துக்கு அது பெரிதும் நம்புவது தேய்மானம் போன அசல் செலவை. 1985, 1986-இல் உற்பத்தி தொடங்கிய டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை உரிமக் காலம் முடியும் 2024, 2025-இல் மூடுவதாக நிறுவனம் 2016-இல் அறிவித்தது. மாநிலத்தின் மின்சாரத்தில் சுமார் 9 விழுக்காட்டை அது தந்துகொண்டிருந்தது. ஆனால் ஏட்டில் அதன் மதிப்பு மூடும் தேதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, சான் லூயி ஒபிஸ்போ மாவட்டத்தின் பள்ளிகளும் அலுவலகங்களும் நம்பியிருந்த வரியும் கூடவே இறங்கியது. இந்த வீழ்ச்சியைத் தாங்க 2018-இல் 8.5 கோடி டாலர் ஈட்டுத்தொகை தரச் சட்டம் வந்தது. அதைக் கொடுத்தவர்கள் நிறுவனத்தின் மின் வாடிக்கையாளர்கள். நியூ ஹாம்ப்ஷயர் 70 விழுக்காட்டை அசல் செலவில் கட்டிவைத்ததன் அருமை இங்கே தெரிகிறது. ஏடு பூஜ்யம் சொன்னாலும் வரி பூஜ்யமாகாது.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் வலுவானது. எந்த முறையானால் என்ன, சொத்து வரி கட்டணத்தில் செலவாக ஏற்றப்பட்டு மின்கட்டண ரசீதில்தானே வந்து விழுகிறது? மின்நிலையம் இருக்கும் ஓர் ஊரின் நீச்சல்குளத்துக்கு, மாநிலம் முழுக்க உள்ள ஏழை வீடுகள் மறைமுகமாகப் பணம் கட்டுகின்றன. உண்மை. ஆனால் இது வரியைக் குறைப்பதற்கான வாதம் அல்ல, வரியைப் பங்கிடுவதற்கான வாதம். கலிபோர்னியா 1980-களின் இறுதியில் அந்த வழியில்தான் போனது. முழுமையாக மதிப்பிடப்பட்ட சொத்தின் வரியைக் கம்பம் நிற்கும் சின்னப் பகுதிக்கு மட்டும் தராமல் மாவட்டம் முழுமைக்குமாகக் கணக்கிட்டது. மதிப்பைக் குறைத்துப் போட்டாலும் ஏழை வீட்டின் ரசீதில் மிச்சமாவது சில்லறைதான், அதே தொகை ஊரின் பள்ளிக்குப் பெரிய துண்டு.

இந்தியாவில் இந்த விவாதம் இன்னும் முதல் படியில் நிற்கிறது. செல்போன் கோபுரத்துக்குச் சொத்து வரி போடலாமா என்ற வழக்கில், 2016 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் கோபுரமும் ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குள் வரும், வரி போடும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அங்கே கலிபோர்னியாவில் டயாப்லோ கேன்யனை மூடும் தேதியோ 2022-இல் வந்த சட்டத்தால் 2029, 2030-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதன் ஏட்டு மதிப்பு இறங்கி முடிந்த பிறகும் உலை எரியும்.

(தொடரும்)